ஃபுல் சைஸ் பிக்கப்: ஃபோர்டு, செவர்லே, ராம், டொயோட்டாவை ஒப்பிடும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பிக்கப் வாங்கக் கிளம்பும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "ஃபோர்டு நல்லதா, செவி (செவர்லே) நல்லதா?" என்பதைத்தான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஃபோர்டின் எஃப்-150 என்ற ஒரே பெயரில் இரண்டு கதவுள்ள சாதாரண வேலை வண்டியும் வரும், பாலைவனத்தில் பறக்கிற ராப்டரும் வரும். அவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒரு எஃப்-150க்கும் அதே மாதிரி அமைப்பில் வரும் செவர்லே சில்வராடோவுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது.

அதனால் இங்கே பிராண்டைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். முதலில் வேலை, அப்புறம் அளவு, எடை, எஞ்சின், அதற்குப் பிறகுதான் பெயர். வரிசையை மாற்றினால், பிடித்த வண்டிக்குக் காரணம் தேடுகிற வேலையாக அது மாறிவிடும்.

1. ஷோரூமுக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

கராஜின் உள் நீளம், அகலம், கதவுத் திறப்பின் உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நீளத்தை மூடிய கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை எடுக்காதீர்கள். வாட்டர் ஹீட்டர், அலமாரி, படிக்கட்டு என்று முதலில் தட்டும் பொருள் வரைதான் உங்கள் நீளம்.

டிரெய்லர் இருந்தால் (அல்லது வாங்கப் போகிறீர்கள் என்றால்) அதில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முழுச் சுமையுடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். விற்பவர் சொல்லும் காலி எடை இந்தக் கணக்குக்கு உதவாது. தண்ணீர், கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணி என்று ஏற்றிய பிறகு யாருடைய டிரெய்லரும் காலி எடையில் ஓடுவதில்லை.

வீட்டில் எல்லோருடைய எடையும் வேண்டும். வெட்கப்படாமல் உண்மையான எண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஐந்தாவது படியில் இது தேவைப்படும். குழந்தைக்கு கார் சீட் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

2. வண்டி செய்யப்போகும் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள்

என்ன ஏற்றுவீர்கள், என்ன இழுப்பீர்கள், எத்தனை தடவை என்று எழுதுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். மாதம் இரண்டு முறை படகை ஏரிக்கு இழுத்துப் போகிறவருக்கு ஒரு வண்டி, வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு மண் வாங்குகிறவருக்கு வேறு வண்டி. பின்னவருக்கு ஹோம் டிப்போவில் சில மணி நேரத்துக்கு டிரக் வாடகைக்குக் கிடைக்கும். அந்த ஒரு நாளுக்காக ஃபுல் சைஸ் வாங்க வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் டொயோட்டா டகோமா போன்ற மிட் சைஸ் வண்டி இந்த வேலைக்குப் போதாதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். போதும் என்று பதில் வந்தால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம், பார்க்கிங்கில் நிம்மதியாக இருப்பீர்கள்.

3. போட்டியில் யார் யார் என்று வரையறுங்கள்

பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படுவது 'ஹாஃப் டன்' என்று சொல்லப்படும் வகுப்பு. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ஜிஎம்சி சியரா 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா ஆகியவை இதில் வரும். எஃப்-250, 2500 என்று முடிபவை அடுத்த வகுப்பு. ஹாஃப் டன்னை அவற்றோடு ஒப்பிட்டால் சுமையில் அவைதான் ஜெயிக்கும், சொகுசில் தோற்கும். அந்த ஒப்பீட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

சில்வராடோவும் சியராவும் ஜிஎம் தயாரிக்கும் இரட்டையர். எஞ்சின், கியர்பாக்ஸ், சேசிஸ் எல்லாம் ஒன்றுதான். இரண்டையும் தனித்தனிப் போட்டியாளர்களாக எடுத்துக்கொண்டு மண்டையை உடைக்காதீர்கள். ஒன்றை வைத்துக் கணக்குப் போடுங்கள், கடைசியில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் பாருங்கள். நிஸான் டைட்டன் 2024 மாடலோடு நின்றுவிட்டது. பழைய வண்டி தேடுபவர்களுக்கு மட்டுமே அது கணக்கில் வரும்.

4. கேப், பெட், கராஜ்: இந்த மூன்றையும் ஒன்றாக முடிவு செய்யுங்கள்

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான்கு முழுக் கதவுள்ள பெரிய கேப்தான் (ஆட்கள் உட்காரும் பகுதி) சரி. ஃபோர்டில் அதற்கு சூப்பர் க்ரூ என்று பெயர், செவியிலும் ராமிலும் க்ரூ கேப், டண்ட்ராவில் க்ரூமேக்ஸ். இதில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. செவியின் டபுள் கேப், டண்ட்ராவின் டபுள் கேப், ராமின் குவாட் கேப் மூன்றுக்கும் நான்கு கதவு உண்டு, ஆனால் பின் சீட் சின்னது. விளம்பரத்தில் '4 கதவு' என்று பார்த்து விலை குறைவென்று ஓடிப்போனவர்கள் அங்கே போய்த்தான் பின் சீட்டில் முழங்கால் இடிப்பதைக் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது பெட், அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் இடம். க்ரூ கேப்போடு சுமார் ஐந்தரை அடி பெட் வருவதே வழக்கம், ஆறரை அடியும் கிடைக்கும். நீளத்தை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். எஃப்-150இன் 5.5 அடி பெட் 52.8 கன அடி, 6.5 அடி பெட் 62.3 கன அடி. சில்வராடோவின் குட்டை பெட் மட்டுமே 62.9 கன அடி. செவியின் குட்டை பெட்டும் ஃபோர்டின் நடுத்தர பெட்டும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவு! மண், மல்ச், பெட்டிகள் ஏற்றுகிறவருக்கு இது பெரிய விஷயம். பைக் ஏற்றுகிறவருக்கு நீளம்தான் முக்கியம், அவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது கராஜ் அளவை எடுங்கள். குட்டை பெட் க்ரூ கேப் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நீளம் 231 முதல் 234 அங்குலத்துக்குள்தான் இருக்கும். 20 அடி ஆழமான கராஜ் என்றால் 240 அங்குலம். காகிதத்தில் நுழையும், ஆனால் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஆள் நடக்க இடமிருக்காது. நீண்ட பெட் எடுத்தால் வண்டி வெளியேதான் நிற்கும். வெளியே நிறுத்துவதாக இருந்தால் உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளையும் படித்துவிடுங்கள். பிக்கப்பை டிரைவ்வேயில் நிறுத்தக் கூடாது என்று சொல்லும் சங்கங்கள் இருக்கின்றன.

5. எடைக் கணக்கு: விளம்பர எண்ணை நம்பாமல் கதவு ஸ்டிக்கரைப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

விளம்பரத்தில் இழுவைத் திறன்தான் பெரிய எழுத்தில் இருக்கும். சமீபத்திய எஃப்-150க்கு 13,500 பவுண்டு, சில்வராடோவுக்கு 13,300, டண்ட்ராவுக்கு 12,000. இவை அந்தந்த மாடலில் ஒரு குறிப்பிட்ட கேப், எஞ்சின், ஆக்சில், டோயிங் பேக்கேஜ் சேரும்போது மட்டும் கிடைக்கும் உச்ச எண்கள். டீலரின் லாட்டில் நிற்கும் வண்டி அந்தச் சேர்க்கையாக இருப்பது அபூர்வம்.

இந்த எண்களை எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொதுச் சோதனை முறைப்படி எடுக்கிறார்கள். அதனால் பிராண்டுக்குப் பிராண்டு ஒப்பிட முடிகிறது, அது நல்லதுதான். ஆனால் அந்த முறையில் வண்டிக்குள் டிரைவரும் இன்னொருவரும் மட்டுமே, ஆளுக்கு 150 பவுண்டு என்றுதான் கணக்கு. பின் சீட்டில் பிள்ளைகள், பெட்டில் கூலர், சைக்கிள் எதுவும் கிடையாது.

உங்களை உண்மையில் கட்டுப்படுத்துவது பேலோட், அதாவது வண்டி தன் முதுகில் தாங்கக்கூடிய எடை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் டயர், சுமை பற்றிய மஞ்சள் பட்டையுள்ள ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியது. பக்கத்தில் அதே நிறத்தில், அதே டிரிமில் (வசதிப் படியில்) நிற்கும் வண்டியில்கூட வேறு எண் இருக்கலாம். ஜிஎம் வண்டிகளில் இதோடு டிரெய்லர் விவரங்களுக்கென்றே தனி லேபிளும் உண்டு, மற்றவர்களும் பின்பற்ற வேண்டிய நல்ல பழக்கம்.

டிரெய்லர் பின்னால்தானே வருகிறது, பேலோடுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. டிரெய்லரின் மூக்கு, வண்டியின் பின்னால் அதை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின் மேல் அழுத்துகிறது. சாதாரண டிரெய்லர் ஆடாமல் நேராக வர, அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். அந்த எடை முழுவதும் பேலோடில் சேரும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,450 பவுண்டு. நால்வர் குடும்பம், மொத்தம் 600. டிரெய்லர் முழுச் சுமையில் 7,000, மூக்கில் 13 சதவீதம் என்றால் 910. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச்சின் கம்பிகளும் தலையும் ஏறக்குறைய 80. கூட்டினால் 1,590. பெட்டில் இன்னும் ஒரு பையைக்கூட வைக்கவில்லை, அதற்குள் 140 பவுண்டு தாண்டிவிட்டது. அதே வண்டியின் விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று இருக்கும். அது பொய்யல்ல, ஆனால் உங்கள் குடும்பத்தோடு இழுக்காது.

விலை ஏற ஏற பேலோட் குறையும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவதே பேலோட். சன் ரூஃப், மின்சாரப் படி, ஃபோர் வீல் டிரைவ், பெரிய சக்கரம், ஹைபிரிட் பேட்டரி எல்லாம் சொந்த எடையைக் கூட்டும். எஃப்-150இன் உச்ச பேலோட் 2,400 பவுண்டுக்கு மேல் என்று விளம்பரம் சொல்லும். அது மிகச் சாதாரண அமைப்புக்கு. சகல வசதியும் உள்ள ஒரு பிளாட்டினம் டிரிமின் கதவைத் திறந்து பாருங்கள், ஆயிரம் பவுண்டு காணாமல் போயிருக்கும். எந்த பிராண்டும் இதற்கு விதிவிலக்கல்ல.

ஆகவே ஒவ்வொரு வண்டியின் கதவு ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். சேல்ஸ்மேன் சொல்லும் எண், ப்ரோஷர் எண் இரண்டும் வேண்டாம். ஆன்லைனில் பார்க்கிறீர்கள் என்றால் ஸ்டிக்கர் படம் அனுப்பச் சொல்லுங்கள், தயங்காமல் அனுப்புவார்கள்.

டிரெய்லர் இழுப்பவர்கள் இன்னும் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, ஹிட்ச் ரிசீவரில் (வண்டியில் ஹிட்ச்சைச் செருகும் குழாய்) ஒட்டியிருக்கும் எண். எடையைப் பகிரும் ஹிட்ச் இல்லாமல் இழுத்தால் வரம்பு வெகுவாகக் குறையும். இரண்டு, டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் வண்டியிலேயே இருக்கிறதா என்பது. கீழ் டிரிம்களில் பல சமயம் இருக்காது.

கணக்கு விளிம்பில் நின்றால் அடுத்த வகுப்புக்குப் போங்கள். பின்னால் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) மாட்டினால் வண்டி தொய்வது நிற்கும், ஆனால் அனுமதிக்கப்பட்ட எடை ஒரு பவுண்டுகூட ஏறாது. இதை மாட்டிவிட்டு "இப்போ தாங்கும்" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

6. இப்போது எஞ்சின்

எடைக் கணக்கு முடிந்த பிறகு எஞ்சினுக்கு வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குதிரைத்திறன் எண் மயக்கும், தேவைக்கு மேல் வாங்க வைக்கும்.

ஃபோர்டில் 2.7 லிட்டர் டர்போ வி6 (325 குதிரைத்திறன்) நிறையப் பேருக்குப் போதும். அதிகம் இழுப்பவர்களுக்கு 3.5 டர்போ, பழைய சுபாவம் வேண்டுபவர்களுக்கு 5.0 வி8. 3.5 ஹைபிரிடுக்கு 430 குதிரைத்திறன். அதில் 7.2 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கும் வசதி கிடைக்கும். சைட்டில் மரம் அறுக்கிறவருக்கும், கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும் என்பவருக்கும் அதற்காகவே ஃபோர்டை எடுக்கலாம். டண்ட்ரா ஹைபிரிடும் பலசாலிதான், 437 குதிரைத்திறன். ஆனால் அதில் இந்த அளவு மின்சார வசதி கிடையாது, பேட்டரியும் பின் சீட்டுக்கு அடியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

செவியின் அடிப்படை எஞ்சின் 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ. நாலு சிலிண்டரா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, ஆனால் அதன் டார்க் (சுழற்றும் விசை) 430 பவுண்டு-அடி, 5.3 வி8இன் 383ஐவிட அதிகம். நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு 3.0 லிட்டர் டீசல் என் முதல் தேர்வு. ஹைவேயில் நன்றாக மைலேஜ் தரும், இழுக்கும்போதும் திணறாது. குட்டிக் குட்டிப் பயணம் மட்டும் போகிறவர்களுக்கு டீசல் வேண்டாம். புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் கேட்கும்.

ராம் 2025 மாடலில் ஹெமி வி8ஐ நிறுத்தி 3.0 லிட்டர் ஹரிகேன் ஆறு சிலிண்டர் டர்போவைக் கொண்டுவந்தது. சாதாரண வடிவத்தில் 420 குதிரைத்திறன், உயர் வடிவத்தில் 540. வாடிக்கையாளர்களின் கூச்சல் அடங்காமல் 2026இல் ஹெமி திரும்பி வந்துவிட்டது, 395 குதிரைத்திறனோடு. எண்ணில் ஹரிகேன்தான் மேல். ஹெமிக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் சத்தத்துக்குக் கொடுக்கிறார்கள், அதைத் தெரிந்து கொடுத்தால் தவறில்லை.

எரிபொருள் செலவை ஒப்பிடும்போது எந்த கிரேடு பெட்ரோல் என்றும் பாருங்கள். ஜிஎம்மின் 6.2 வி8 பிரீமியம் கேட்கும். சாளரத்தில் எழுதியிருக்கும் மைலேஜ் எல்லாமே காலி வண்டிக்கு. பெரிய டிரெய்லர் இழுத்தால் கிட்டத்தட்டப் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. டிரிம் பெயர்களைச் சமப்படுத்துங்கள்

இதைச் செய்யாமல் விலையை ஒப்பிடுவது வீண். எஃப்-150 எக்ஸ்.எல்.டி, சில்வராடோ எல்.டி, ராம் பிக் ஹார்ன், டண்ட்ரா எஸ்.ஆர்.5 ஆகியவை ஏறக்குறைய ஒரே படி. டெக்சாஸில் ராம் பிக் ஹார்ன் 'லோன் ஸ்டார்' என்ற பெயரில் விற்கும், அது வேறு டிரிம் என்று தேடி அலையாதீர்கள். அதற்கு மேல் லாரியட், எல்.டி.இசட், லாராமி, லிமிடெட் வரிசை. டொயோட்டாவில் லிமிடெட் நடுப்படி, ராமில் அதே சொல் உச்சிப்படிக்குப் பக்கம். பெயரை வைத்து ஒப்பிட்டால் பத்தாயிரம் டாலருக்கு மேல் தவறும்.

தாளில் ஐந்தாறு அவசியங்களை மட்டும் எழுதி (ஹீட்டட் சீட், பிரேக் கன்ட்ரோலர், 360 டிகிரி கேமரா மாதிரி) ஒவ்வொரு பிராண்டிலும் அவை எல்லாம் சேரும் மிகக் குறைந்த டிரிம் எது என்று தேடுங்கள். அந்த நான்கு வண்டிகள்தான் உங்கள் ஒப்பீடு.

8. ஓட்டிப் பார்ப்பது

நான்கையும் முடிந்தால் ஒரே வாரத்தில், ஒரே மாதிரிச் சாலையில் ஓட்டுங்கள். இடைவெளி விட்டால் கடைசியாக ஓட்டியது மட்டுமே மனதில் நிற்கும். டீலர் கூட்டிப்போகும் வழவழப்பான வழியைத் தவிருங்கள், ரயில்வே கேட்டும் பள்ளமும் உள்ள ரோடு வேண்டும். ராமும் டண்ட்ராவும் பின்னால் காயில் ஸ்பிரிங், ஃபோர்டும் செவியும் லீஃப் ஸ்பிரிங். காலி வண்டியில் வித்தியாசம் முதுகுக்கு உடனே தெரியும். சொகுசில் ராம்தான் முன்னால் என்பது என் கருத்து.

ஓட்டி முடித்ததும் மளிகைக் கடை பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துங்கள். கார் சீட்டை நீங்களே பின்னால் மாட்டிப் பாருங்கள். கார் சீட்டின் மேல்பட்டையை மாட்டும் டெதர் கொக்கி வண்டி சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், சில வண்டிகளில் அதைப் பிடிப்பதற்குள் வியர்த்துவிடும்.

வருடா வருடம் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்குவார்களா? அப்படியானால் உயரத்தைச் சோதியுங்கள். புடவையோடு அந்தச் சீட்டுக்கு ஏற படி இல்லாமல் முடியாது. ஆஃப் ரோடு டிரிம்கள் இன்னும் உயரம். படிக்கான செலவையும் எடையையும் கணக்கில் சேருங்கள்.

9. நம்பகத்தன்மை: பிராண்டைக் கேட்காதீர்கள், எஞ்சினையும் வருடத்தையும் கேளுங்கள்

"டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று சொல்பவர்களுக்கு: எஞ்சினுக்குள் தங்கிய உலோகத் துகள் காரணமாக 2024இல் சுமார் 1 லட்சம் வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்தது, 2022, 2023 டண்ட்ராக்கள் அதில் உண்டு. ஜிஎம் தன் 6.2 வி8க்காக 2025இல் சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆனால் அதே சில்வராடோவில் 2.7 எடுத்தவருக்கு அந்தத் திரும்ப அழைப்பு பொருந்தாது. 'செவி மோசம்' என்பது அதனால் பயனில்லாத தகவல்.

பார்க்கும் வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் போடுங்கள். நிலுவையில் உள்ள திரும்ப அழைப்புகள் தெரியும், காசு கிடையாது. பழைய வண்டி என்றால் இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாரன்டி பெரும்பாலும் ஒன்றேதான்: மொத்தத்துக்கு 3 வருடம் அல்லது 36,000 மைல், எஞ்சின்-கியர்பாக்ஸுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல். ராம் மட்டும் 2026 மாடல்களுக்கு இரண்டாவதை 10 வருடம், 1 லட்சம் மைல் ஆக்கியிருக்கிறது. வண்டியை நீண்ட நாள் வைத்திருப்பவர்களுக்கு இது எடை போட வேண்டிய சலுகை.

இன்னொன்று, எஃப்-150இன் பாடி 2015 மாடலிலிருந்து அலுமினியம். துருப்பிடிக்காது. ஆனால் நசுங்கினால் எல்லாப் பட்டறையிலும் எடுக்க மாட்டார்கள். பக்கத்தில் யார் செய்வார்கள் என்று கேட்டு வையுங்கள்.

10. விலை: கைக்கு வரும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்

மாதத் தவணையைப் பேச ஆரம்பித்தால் நீங்கள் தோற்றீர்கள். 84 மாதக் கடனில் எந்த வண்டியும் மலிவாகத் தெரியும். வரி, பதிவு, டாக்குமென்ட் கட்டணம் எல்லாம் சேர்த்து வண்டியை வெளியே எடுக்க எவ்வளவு என்று எழுத்தில், மின்னஞ்சலில் கேளுங்கள். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் கட்டணம் மட்டும் இப்போது ஏறக்குறைய 2,000 டாலரிலிருந்து தொடங்குகிறது, விளம்பர விலையில் அது பெரும்பாலும் இருக்காது. டெக்சாஸில் வாகன விற்பனை வரி 6.25 சதவீதம், மற்ற மாநிலங்களில் மாறும்.

குறைந்த வட்டியா, ரொக்கத் தள்ளுபடியா என்று கேட்பார்கள். சில சமயம் இரண்டில் ஒன்றுதான். உங்கள் வங்கி அல்லது கிரெடிட் யூனியனிடம் முன்கூட்டியே வட்டி விகிதம் வாங்கி வைத்திருந்தால் எது லாபம் என்று அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம். இன்ஷூரன்ஸையும் வின் எண் கொடுத்து விசாரியுங்கள், டிரிமுக்கு டிரிம் மாறும்.

டயரில் நைட்ரஜன், பெயின்ட் பூச்சு, பெட் கவர் என்று டீலர் மாட்டியவற்றை விலைப்பட்டியலில் தனியாகக் காட்டச் சொல்லி, வேண்டாதவற்றை நீக்கச் சொல்லுங்கள். நீக்க முடியாது என்றால் அதே வண்டிக்கு இன்னொரு டீலரைக் கேளுங்கள்.

டீலர் மாட்டிய படியும் கவரும் பெட்டிகளும் பேலோடைத் தின்னும், கதவு ஸ்டிக்கரில் அது குறைந்து காட்டப்பட்டிருக்கும் என்று நம்ப முடியாது. டிரெய்லர் இழுப்பவர்கள் டேங்க் நிரப்பி, குடும்பத்தை ஏற்றி, லாரிகள் நிற்கும் நிறுத்தத்தில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் ஒருமுறை டிரெய்லர் இல்லாமலும் ஒருமுறை மாட்டியும் எடை போடுங்கள். கையெழுத்துப் போடுமுன் இதற்கு டீலர் சம்மதிக்காவிட்டால், வாங்கிய முதல் வாரத்திலாவது செய்துவிடுங்கள்.